ஐந்தில் ஒரு பங்கு மருந்து, தோலுக்குள்ளேயே: 2022 குரங்கம்மைத் தடுப்பூசி, ஒரு நிகழ்வு ஆய்வு

2022 ஆகஸ்ட் 9 அன்று அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம், அதாவது எஃப்டிஏ, வழக்கத்துக்கு மாறான ஓர் அவசர அனுமதியைக் கொடுத்தது. குரங்கம்மைக்கு எதிரான ஜின்னியோஸ் தடுப்பூசியை அதுவரை தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு அடுக்கில் 0.5 மில்லி போட்டுக்கொண்டிருந்தார்கள். இனிமேல் 18 வயது நிறைந்தவர்களுக்குத் தோலின் உள்ளேயே 0.1 மில்லி போட்டால் போதும் என்றது அந்த அனுமதி. மருந்து அதேதான், குப்பியும் அதேதான், 28 நாள் இடைவெளியில் இரண்டு டோஸ் என்பதும் மாறவில்லை. மாறியது அளவும், ஊசி முனை போய் நிற்கும் ஆழமும்தான். அந்தச் சில மில்லிமீட்டர் வித்தியாசத்தை நம்பி ஒரு நாடு தன் கையிருப்பை ஒரே நாளில், காகிதத்திலாவது, ஐந்து மடங்காக்கிக்கொண்டது.

தோல் வழியாகத் தடுப்பூசி என்ற பேச்சு பெரும்பாலும் ஆய்வகத்தோடு நின்றுவிடும். எலியில் நன்றாக வேலை செய்தது, நூறு பேரிடம் நன்றாக வேலை செய்தது, அப்புறம் சத்தமே இருக்காது. இந்த நிகழ்வில் அப்படியில்லை, நெருக்கடிக்கு நடுவில் ஒரு நாடு முழுக்கப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். என் தீர்ப்பை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: தோலில் இருக்கும் எதிர்ப்புச் செல்கள் எதிர்பார்த்த வேலையைச் செய்தன, இழுபறி முழுக்க ஊசியிலும் குப்பியிலும் போடுகிற கையிலும் கடைசியில் தங்கிவிட்ட தழும்பிலும்தான் இருந்தது.

முதலில் பின்னணியைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 2022 மே மாதம் முதல் குரங்கம்மை ஆப்பிரிக்காவுக்கு வெளியே வேகமாகப் பரவத் தொடங்கியது, பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்கள். ஜூலை 23 அன்று உலக சுகாதார நிறுவனம் சர்வதேச அவசரநிலை அறிவித்தது, ஆகஸ்ட் 4 அன்று அமெரிக்கா தன் பங்குக்கு அறிவித்தது. தடுப்பூசியோ டென்மார்க்கின் பவேரியன் நார்டிக் என்ற ஒரே நிறுவனத்திடமிருந்து வர வேண்டும். நியூயார்க்கில் முன்பதிவு திறந்த சில நிமிடங்களில் இடங்கள் தீர்ந்துபோயின. மருந்தைக் கூடுதலாகத் தயாரிக்க மாதக்கணக்கில் ஆகும் என்ற நிலையில், இருப்பதைப் பிரித்துக் கொடுப்பதைத் தவிர வழி குறைவு.

ஏன் தோல்?

வெறுமனே டோஸைக் குறைத்தால் எதிர்ப்பும் குறையும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். தோலுக்குள் போட்டால் அப்படிக் குறையாது என்ற நம்பிக்கைக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

பல தடுப்பூசிகளைப் போடுவது தசையில், தசையின் வேலை அசைவது. அங்கே கிருமியைப் பார்த்து அடையாளம் சொல்லும் செல்கள் சாதாரண நேரத்தில் குறைவு, அதனால் தசையில் போடும் தடுப்பூசிகள் முதலில் ஒரு சின்ன அழற்சியை உண்டாக்கி அந்தச் செல்களை வரவழைக்க வேண்டியிருக்கிறது. தோல் அப்படியில்லை, வெளியுலகத்தோடு நாள் முழுக்க உரசிக்கொண்டிருக்கும் உறுப்பு என்பதால் அதற்குள் காவல் ஏற்கெனவே இருக்கிறது. மேல்தோலில் லாங்கர்ஹான்ஸ் செல்கள் நீண்ட கிளைகளை விரித்தபடி உட்கார்ந்திருக்கின்றன. அதற்குக் கீழே உள்தோலில் வேறு வகை டென்ட்ரைடிக் செல்கள் (கிருமியைப் பிடித்து மற்ற செல்களுக்குக் காட்டுபவை), கூடவே மேக்ரோஃபேஜ்கள், மாஸ்ட் செல்கள் போன்ற காவல் செல்கள், எதிர்ப்பை நடத்தும் வெள்ளணுக்களான டி செல்கள், இவற்றுக்கு நடுவே நிணநீர் நாளங்களின் அடர்ந்த வலை.

லாங்கர்ஹான்ஸ் செல்லின் கதை சுவாரசியமானது. 1868இல் பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ், தங்க குளோரைடால் தோலுக்குச் சாயமேற்றிப் பார்த்தபோது கிளை விரிந்த இந்தச் செல்கள் தெரிந்தன. அந்த வடிவத்தைப் பார்த்து நரம்பு சம்பந்தப்பட்டவை என்று நினைத்தார். நூறு வருடத்துக்கும் மேல் அவற்றின் வேலை என்னவென்று சரியாகப் பிடிபடவில்லை. 1973இல் ரால்ஃப் ஸ்டைன்மனும் சான்வில் கோனும் எலியின் மண்ணீரலில் டென்ட்ரைடிக் செல்களை விவரித்தார்கள், 1985இல் ஷூலரும் ஸ்டைன்மனும் லாங்கர்ஹான்ஸ் செல்கள் முதிர்ந்தால் டி செல்களைப் பலமாகத் தூண்டக்கூடியவை ஆகின்றன என்று காட்டினார்கள், அதன் பிறகுதான் தோல் என்பது வெறும் உறை என்ற எண்ணம் மாறத் தொடங்கியது. (ஸ்டைன்மனுக்கு 2011இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது அவர் இறந்து மூன்று நாள் ஆகியிருந்தது; நோபல் குழுவுக்கு அது தெரியாது.)

இந்தச் செல்கள் செய்வது என்னவென்றால், அந்நியப் பொருளை விழுங்கித் துண்டாக்கி, அந்தத் துண்டுகளைத் தங்கள் மேற்பரப்பில் ஏந்திக்கொண்டு, சிசிஆர்7 என்ற ஏற்பியின் வழிகாட்டலில் நிணநீர் நாளம் வழியாகப் பக்கத்து நிணநீர் முடிச்சுக்குப் போகின்றன. உள்தோல் செல்கள் சீக்கிரம் போய்ச் சேரும், லாங்கர்ஹான்ஸ் செல்கள் நிதானமாக, சில நாள் எடுத்துக்கொண்டு போகும். முடிச்சில் காத்திருக்கும் டி செல்களிடம் துண்டைக் காட்டியதும்தான் எதிர்ப்பு சக்தி உருவாகத் தொடங்குகிறது.

இதோடு நிறுத்தினால் படம் அழகாக இருக்கும், ஆனால் முழு உண்மையாக இருக்காது. தோலுக்குள் போட்ட மருந்தில் ஒரு பகுதி எந்தச் செல்லின் உதவியும் இல்லாமல் நிணநீரோடு தானாகவே ஓடி, முடிச்சிலேயே குடியிருக்கும் செல்களிடம் மாட்டிக்கொள்கிறது. ஆகவே ‘தோலின் எதிர்ப்புச் செல்களைக் குறிவைப்பது’ என்று விளம்பரத்தில் சொல்வதெல்லாம் கொஞ்சம் மிகை. குறி வைப்பதைவிட, கூட்டம் அதிகமுள்ள இடத்தில் இறக்கிவிடுகிறோம் என்பதுதான் பொருத்தம். இன்னொன்றும் உண்டு. தோல் செல்கள் எப்போதும் சண்டைக்குக் கிளம்புவதில்லை, ஆபத்து அறிகுறி இல்லாமல் வெறும் புரதம் மட்டும் தொடர்ந்து வந்துகொண்டிருந்தால் ‘இதைப் பொறுத்துக்கொள்’ என்றும் கற்றுக்கொடுக்கும், வேர்க்கடலை ஒவ்வாமைக்குத் தோலில் ஒட்டும் பட்டையை வைத்துச் சிகிச்சை முயல்வது இதை நம்பித்தான். ஜின்னியோஸில் இந்தச் சிக்கல் இல்லை. அது எம்விஏ என்ற பலவீனப்படுத்தப்பட்ட வைரஸ். மனிதச் செல்லுக்குள் நுழையும், ஆனால் பெருகாது. உள்ளே நுழைவதே ஆபத்து மணியை அடிக்கப் போதும்.

முன்னுதாரணங்களும் இருந்தன. பெரியம்மைத் தடுப்பூசி ஆரம்பம் முதலே தோலில் கீறிப் போடப்பட்டதுதான். 1960களில் பெஞ்சமின் ரூபின் உருவாக்கிய இரட்டை முனை ஊசி, தேவைப்பட்ட மருந்தை நான்கில் ஒரு பங்காகக் குறைத்தது, பெரியம்மை ஒழிப்பில் அதன் பங்கு சாதாரணமானதல்ல. காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி இன்றுவரை தோலுக்குள்தான். வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தோலுக்குள் 0.1 மில்லியாகப் போடும் முறை தாய்லாந்தில் வளர்ந்து 1990களிலேயே உலக சுகாதார நிறுவனத்தின் ஒப்புதலைப் பெற்றது. 2016இல் போலியோ ஊசி மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது இந்தியா அதையும் 0.1 மில்லியாகத் தோலுக்குள் போடத் தொடங்கியது. அதாவது 2022இல் எஃப்டிஏ எடுத்தது திடீர் யோசனை அல்ல.

கையில் இருந்த ஆதாரம் எவ்வளவு?

அதிகமில்லை. முக்கியமாக ஒரே ஓர் ஆய்வு, 2015இல் வெளியானது. ஏறத்தாழ 500 பேரைப் பிரித்து, ஒரு பிரிவுக்குத் திரவ மருந்தைத் தோலுக்கு அடியிலும், இன்னொரு பிரிவுக்கு உறைய வைத்து உலர்த்திய வடிவத்தை அதே இடத்திலும், மூன்றாவது பிரிவுக்குத் திரவ மருந்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தோலுக்குள்ளும் போட்டார்கள். ஆன்டிபாடி, அதாவது கிருமியை எதிர்க்க இரத்தத்தில் உருவாகும் புரதம், அதன் அளவில் தோலுக்குள் போட்டவர்கள், அதே திரவ மருந்தைத் தோலுக்கு அடியில் போட்டவர்களுக்குக் குறையாமல் வந்தார்கள். தோலுக்குள் போட்ட இடத்தில் வலி குறைவு. ஆனால் சிவப்பு, தடிப்பு, அரிப்பு அதிகம், சிலருக்கு நிறமாற்றம் மாதக்கணக்கில் நீடித்தது.

இந்த ஆய்வில் இல்லாத ஒரு பிரிவுதான் என்னை உறுத்துகிறது. ஐந்தில் ஒரு பங்கை வழக்கம்போலத் தோலுக்கு அடியிலேயே போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அப்படியொரு பிரிவு வைக்கப்படவில்லை. அதனால் ‘தோல் என்பதால் குறைந்த டோஸ் போதுமானதாக இருந்தது’ என்பதும், ‘வழக்கமான டோஸே தேவைக்கு மேல் தாராளமாக இருந்தது’ என்பதும் இந்தத் தரவுக்கு ஒரே மாதிரி பொருந்தும். ஃப்ளூ தடுப்பூசியிலும் இதே கேள்வி பல வருடமாக ஓடிக்கொண்டிருந்தது, அங்கே இளம் வயது ஆரோக்கியமானவர்களுக்குக் குறைத்த டோஸைத் தசையில் போட்டாலே ஓரளவு நெருங்கிவிடுகிறது. நெருக்கடியில் முடிவெடுப்பவருக்கு இந்த வித்தியாசம் முக்கியமில்லை, எப்படியோ வேலை செய்தால் சரி. அறிவியலாக எழுதும்போது மட்டும் தோலின் பெருமையைக் கொஞ்சம் அடக்கிப் பாட வேண்டும்.

மேலும் அந்த 500 பேரும் ஆரோக்கியமான பெரியவர்கள். 2022இல் வரிசையில் நின்றவர்களில் எச்ஐவியோடு வாழ்பவர்கள் கணிசம். மருந்தைத் தயாரித்த பவேரியன் நார்டிக்கின் தலைவர் பால் சாப்ளினே தோலுக்குள் போடும் முறைக்குப் பாதுகாப்புத் தரவு குறைவு என்று அமெரிக்க அதிகாரிகளுக்கு அப்போதே எழுதியது செய்திகளில் வந்தது. எஃப்டிஏ ஆபத்தையும் பலனையும் எடைபோட்டு முன்னே போனது. என்னைக் கேட்டால் அந்த நேரத்துக்கு அது சரியான முடிவுதான், ஆனால் ஆதாரம் மெலிது என்பதை அன்றைக்கே உரக்கச் சொல்லியிருக்கலாம்.

களத்தில்

தோலுக்குள் ஊசி போடுவது பார்க்க எளிதாகத் தெரியும், செய்யும்போதுதான் கஷ்டம் புரியும். இதற்கு இன்றும் நூறு வருடத்துக்கு முந்தைய மான்டூ முறைதான், காசநோய் தோல் பரிசோதனைக்கு வந்த அதே முறை. மெல்லிய குட்டை ஊசி, முனையின் சரிவு மேலே பார்த்திருக்க வேண்டும், தோலோடு 5 முதல் 15 டிகிரி கோணம், அதாவது கிட்டத்தட்டப் படுக்கை வசமாக, மெதுவாக அழுத்தினால் மருந்து போன இடத்தில் வெளிறிய சிறு புடைப்பு எழும்ப வேண்டும். உள்தோலின் தடிமன் ஓரிரண்டு மில்லிமீட்டர். கொஞ்சம் ஆழமாகப் போனால் கொழுப்பு அடுக்கில் விழும், கொஞ்சம் மேலே நின்றால் வெளியே கசியும். வழக்கமான 0.5 மில்லி ஊசியில் இந்த அளவு பிசகினால் பெரிய நஷ்டமில்லை, மருந்து எங்கே போனாலும் முழு டோஸ் முழு டோஸ்தான். 0.1 மில்லியில் அப்படியில்லை, இடம் தவறினால் அந்த ஆளுக்குப் போய்ச் சேர்ந்தது ஐந்தில் ஒரு பங்கு மருந்து, அதுவும் சோதித்தே பார்க்காத வழியில்.

கோவிட் காலத்தில் தோள்பட்டையில் சடசடவென்று குத்திப் பழகியவர்கள் பலருக்கு இந்த முறை புதிது. பயிற்சிக் காணொளிகள் வந்தன. சிறிய மையங்கள் திணறின.

அப்புறம் குப்பிக் கணக்கு. 0.5 மில்லி குப்பியில் 0.1 வீதம் ஐந்து டோஸ் என்பது பள்ளிக்கூட வகுத்தல். உண்மையில் ஒவ்வொரு முறை உறிஞ்சும்போதும் ஊசிக்கும் சிரிஞ்சுக்கும் இடையிலான இடைவெளியில் ஒரு துளி தங்கிவிடும், அந்த இடைவெளி குறைவான தனி வகை சிரிஞ்ச் இருந்தால்தான் ஐந்தாவது டோஸ் கிடைக்கும். பல இடங்களில் மூன்று அல்லது நான்கு டோஸ்தான் தேறியது. ஆனால் மாநிலங்களுக்கு மருந்து ஒதுக்கியது ஒரு குப்பிக்கு ஐந்து என்ற கணக்கில். திறந்த குப்பியை குளிர்பெட்டியில் வைத்தாலும் 8 மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், ஆகவே வரிசையில் கடைசியாக ஒருவர் மட்டும் நின்றால் அவருக்காகப் புதுக் குப்பியைத் திறப்பதா என்ற குழப்பம் வேறு. காகிதத்தில் ஐந்து மடங்கு என்றது களத்தில் மூன்று, நான்கு என்று சுருங்கியதற்கு எதிர்ப்புச் செல்களைக் குறை சொல்ல முடியாது.

தழும்பு விஷயம் இதைவிடச் சிக்கலானது, எனக்குத் தெரிந்து திட்டமிட்டவர்கள் குறைவாக யோசித்ததும் இதைத்தான். முதலில் ஊசி போடச் சொன்ன இடம் முன்கையின் உட்புறம். அங்கே வட்டமாகச் சிவந்து தடித்து, சிலருக்கு வாரக்கணக்கில் கருத்த தடமாக நின்றது. நோயோ சமூகத்தில் ஏற்கெனவே ஒதுக்கப்பட்ட ஒரு பிரிவினரோடு சேர்த்துப் பேசப்பட்ட நோய், முன்கைத் தடமோ அரைக்கைச் சட்டை போட்டால் எல்லோருக்கும் தெரியும். சிலர் இரண்டாவது டோஸுக்கு வரத் தயங்கினார்கள் என்பதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? செப்டம்பரில் அமெரிக்க நோய்த்தடுப்பு மையமான சிடிசி, தோள்பட்டையிலோ மேல் முதுகிலோ போட்டுக்கொள்ளலாம் என்று வழிகாட்டலை மாற்றியது. தழும்பு தடித்து வளரும் தன்மை உள்ளவர்களுக்குத் தொடக்கத்திலிருந்தே தோலுக்குள் போடும் முறை விலக்கப்பட்டிருந்தது, 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் பழைய முறைதான்.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. அந்தச் சிவப்பும் தடிப்பும் பக்கவிளைவு என்று எழுதப்படுகின்றன, ஆனால் எதிர்ப்புச் செல்கள் நெருக்கமாக உள்ள இடத்தைத் தேடிப் போய் மருந்தை இறக்கினால் அங்கே அழற்சி வரத்தான் செய்யும். தசையிலும் இது நடக்கிறது, ஆழத்தில் நடப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை, கை வலி என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம்.

பலன்

2022 ஆகஸ்ட் முதல் 2023 மார்ச் வரை அமெரிக்காவின் பல பகுதிகளில் சிடிசி நடத்திய ஆய்வில், இரண்டு டோஸையும் தோலுக்கு அடியில் போட்டுக்கொண்டவர்களுக்குப் பாதுகாப்பு 88.9 சதவீதம், இரண்டையும் தோலுக்குள் போட்டுக்கொண்டவர்களுக்கு 80.3, முதல் டோஸ் ஒரு வழி இரண்டாவது வேறு வழி என்று கலந்து போட்டவர்களுக்கு 86.9. தோலுக்குள் போட்டது கொஞ்சம் குறைவாகத் தெரிகிறதே என்று பதற வேண்டாம், மூன்று மதிப்பீடுகளின் பிழை எல்லைகளும் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. ஒருவேளை கொஞ்சம் குறைவாகவே இருந்தாலும், களத்தில் இடம் தவறிய ஊசிகளெல்லாம் அந்த 80.3க்குள்ளேயே அடக்கம் என்பதையும் பார்க்க வேண்டும்.

பின்னர் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆதரவில் நடந்த சோதனை இன்னொரு படி போனது. வழக்கமான டோஸில் வைரஸ் அலகு ஏறத்தாழ 10 கோடி. ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 2 கோடி, தோலுக்குள் போட்டபோது உச்ச ஆன்டிபாடி அளவு வழக்கமான டோஸுக்குக் குறையாமல் வந்தது. பத்தில் ஒரு பங்கு, 1 கோடி, அந்தத் தரத்தை எட்டவில்லை. எனக்கு இதில் பிடித்தது இந்தத் தோல்விதான். தோலில் போட்டால் எவ்வளவு குறைத்தாலும் நடக்கும் என்ற மாயை இல்லை, தரை எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

மருந்து வரத்து சீரானதும் அமெரிக்கா மறுபடி தோலுக்கு அடியில் போடும் பழைய முறைக்கே முன்னுரிமை கொடுத்தது. நியாயம்தான், தட்டுப்பாடு இல்லாதபோது கடினமான முறையை யார் விரும்புவார்கள்? சனோஃபியின் இன்டான்சா ஃப்ளூ தடுப்பூசிக்கும் இதுதான் நடந்தது: 2009இல் ஐரோப்பிய அனுமதி, 1.5 மில்லிமீட்டருக்கு மேல் நுழையவே முடியாத ஊசி பொருத்திய சிரிஞ்ச், அதாவது கையின் திறமையையே கருவிக்குள் வைத்துவிட்டார்கள், முதியவர்களிடமும் நல்ல பலன். ஆனாலும் சந்தையில் நிற்கவில்லை.

கருவி என்ற திசையில் இன்றைக்கு அதிக நம்பிக்கை தருவது நுண்ணூசிப் பட்டை. ஒரு மில்லிமீட்டருக்கும் குட்டையான, கரையக்கூடிய முனைகளில் மருந்தை உலர்த்தி வைத்து, தோலில் அழுத்தி ஒட்டினால் முனைகள் உள்ளே கரைந்துவிடும். காம்பியாவில் தட்டம்மை, ருபெல்லா தடுப்பூசியைப் பட்டையாக ஐந்து நிமிடம் ஒட்டிப் பார்த்த சோதனையின் முடிவு 2024இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. கைக்குழந்தைகளில் தட்டம்மை எதிர்ப்பு 93 சதவீதம் பேருக்கு உருவானது, ஊசி போட்டவர்களில் 90. ருபெல்லாவில் இரண்டு பக்கமும் 100. பட்டை ஒட்டிய பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்த இடம் தடித்தது, எதிர்பார்த்ததே.

அப்படியானால் குரங்கம்மைக்கும் பட்டை செய்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும், 2024இல் ஆப்பிரிக்காவில் நோய் மறுபடி தலைதூக்கி, தட்டுப்பாடுள்ள இடங்களில் ஐந்தில் ஒரு பங்கைத் தோலுக்குள் போடும் யோசனையை உலக சுகாதார நிறுவனம் திரும்ப எடுத்த பிறகு இன்னும் அதிகமாக. சிக்கல் அளவில் இருக்கிறது. தட்டம்மைத் தடுப்பூசி உடலுக்குள் போய்ப் பெருகும் உயிர் வைரஸ், ஒரு டோஸுக்குக் குறைந்தபட்சம் ஆயிரம் அலகு இருந்தால் போதும், அதைச் சிறு முனைகளுக்குள் அடைப்பது சாத்தியம். எம்விஏ பெருகாது, அந்தப் பாதுகாப்புக்காகவே அதைத் தேர்ந்தெடுத்தார்கள், அதனாலேயே தோலுக்குள் போட்டாலும் 2 கோடி அலகு வேண்டும். அவ்வளவையும் உலர்த்தி, உயிர் கெடாமல், சில நூறு முனைகளுக்குள் திணிப்பது வேறு வகைச் சவால். அது தீரும்வரை இந்தத் தடுப்பூசிக்குத் தோல் வழி என்றால் மான்டூ முறைதான், இடைவெளி குறைந்த சிரிஞ்சும் பழகிய கையும் தேவைப்படும் அதே 0.1 மில்லிதான்.